தவமணியின் மருந்தடிக்கும் மிஷின்

மார்ச் 3, திங்கள்

கா. 9க்கே தகரக் கூரை கொதிக்கிறது. பக்கத்துத் தறிக்கூடத்தில் கரண்ட் இல்லை, அதனால் செல்லூரில் இன்று பேசினால் காதில் விழுகிறது.

வேலை:
– பள்ளிக்கூடத்துப் புல்வெட்டி. ஸ்டார்ட்டர் கயிறு அறுந்தது. மாற்றியாயிற்று.
– தல்லாகுளம் வக்கீல் வீட்டுப் புல்வெட்டி. ஸ்பிரிங் முறிவு. புதுசைச் சுற்றும்போது பிய்த்துக்கொண்டு வந்து கட்டைவிரலைக் கீறிவிட்டது.
– தவமணி ஸ்பிரேயர், பெட்ரோலில் ஓடுவது. கயிறு இறுக்கமாம்.

தவமணி மேற்கே மல்லிகைத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் பூச்சிமருந்து அடிப்பவன். நாற்பது வயதிருக்கும். எட்டு வருஷமாக என்னிடம்தான் வருகிறான். "இழுத்து இழுத்துத் தோளு கழண்டுபோச்சுண்ணே," என்றான். பிரித்துப் பார்த்தால் ஸ்பிரிங் சுத்தம், கயிறு நன்றாக இருக்கிறது. இருந்தாலும் புதுக் கயிறு போட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். நான் இழுத்தேன், இரண்டாவது இழுப்பில் ஓடியது. அனுப்பிவிட்டேன்.

ஸ்க்ரூவை வாயில் கவ்விக்கொள்ளும் பழக்கம் எனக்கு. மருந்து மிஷின் என்பது மறந்துபோனது. நாக்கெல்லாம் கசப்பு. மூன்று தடவை கொப்பளித்தும் போகவில்லை. டீச்சர் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரி ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை, சொன்னால் வகுப்பில் பிள்ளைகளைத் திட்டுவதுபோல் என்னையும் திட்டுவாள்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். ஆனையூர் சர்ச்சிலிருந்து நெற்றிச் சாம்பலோடே கடைக்கு. தவக்காலம் முழுக்கக் கடையில் யார்மேலும் எரிந்து விழுவதில்லை என்று ஸ்டெல்லா சத்தியம் வாங்கியிருந்தாள். டீயை விடுகிறேன் என்றேன், ஒத்துக்கொள்ளவில்லை.

கா. 11. தவமணி மறுபடி. கயிறு இறுக்கமாம்.
கா. 11.10. சத்தியம் போயிற்று.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முப்பது வருஷத் தொழில். வேலை சரியில்லை என்று ஒரு மிஷின் திரும்பி வந்ததில்லை. நாலு வாடிக்கைக்காரர்கள் வேறு நிற்கிறார்கள். எதிர் டீக்கடைச் செல்வியைக் கூப்பிட்டேன்.

"செல்வி, இந்தக் கயித்த ஒருக்க இழு."

"எனக்கென்னண்ணே தெரியும்?"

"சும்மா இழு."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு இழுத்தாள். ஓடிவிட்டது. நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "மாப்ள, பொம்பள இழுக்குது, ஒனக்கு இழுக்க வரலையா?" என்று ஒருவன். தவமணியும் சிரித்தான். அப்புறம் அணைத்துவிட்டு அவன் இழுத்தான். கயிறு பாதி வந்தது, பிடி கையிலிருந்து நழுவிப் போய்விட்டது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. ஃபேனுக்கு நேர்கீழேதான் நின்றான்.

நான் ஜெயித்துவிட்டேன். இப்போது எழுதும்போது கூசுகிறது. ஆனால் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

மார்ச் 8, சனி

தறிச் சத்தம் காதைப் பிளக்கிறது. மூன்றாவது தடவையாகத் தவமணி. திட்டவில்லை. அவன் நின்ற நிலைக்குத் திட்ட வாய் வரவில்லை.

"எப்படியாச்சும் லேசாக்கிக் குடுங்கண்ணே. மல்லி சீசனு. அஞ்சு தோட்டம் ஒத்துக்கிட்டிருக்கேன். மூணு நாளைக்கொருக்க அடிக்கலேன்னா மொட்டுல புழு விழுந்துரும்."

செய்தேன். சிலிண்டருக்கு அடியில் இன்னொரு பேக்கிங் சேர்த்து வைத்தால் உள்ளே அழுத்தம் குறையும், கயிறு லேசாக வரும். மிஷினுக்கு வலு கொஞ்சம் குறையும், பரவாயில்லை. வயசானவர்களுக்குச் செய்து கொடுக்கிற வேலை இது. இவனுக்குச் செய்வேன் என்று நினைக்கவில்லை.

காலை மிஷின்மேல் ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்தான். நாலாவது இழுப்பில் ஓடியது. முகமெல்லாம் சிரிப்பு. "தெய்வம்ணே நீங்க," என்று என் கையைப் பிடித்தான். அதில் பிடியே இல்லை, ஈரத்துணி மாதிரி இருந்தது. கடைவாயில் எச்சில் வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்து மீன் குழம்பு. தவமணி கதையை ஸ்டெல்லாவிடம் வேடிக்கையாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன், செல்வி இழுத்ததையும் சேர்த்து. அவள் சிரிக்கவில்லை.

"மூணு தடவையும் மிஷின் நல்லாத்தான் இருந்துச்சா?"

"அதத்தான சொல்றேன். அதுல ஒண்ணுமே இல்ல."

"அப்ப எதுங்க கெட்டுப் போயிருக்கு?"

போன வருஷம் மருந்து நிறைந்த டேங்கோடு இதே மிஷினை ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் போட்டவன். எட்டு வருஷம் அந்த மருந்துப் புகைக்குள்ளேயே நடந்திருக்கிறான், சட்டையில்லாமல், மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு. இழுக்க வராத கயிறு அவனுக்கு ஓர் எச்சரிக்கை. அதை நான் லேசாக்கிக் கொடுத்திருக்கிறேன்.

அவனுக்கு மூன்று தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. பயமாக இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

அவனே வந்தான். மிஷின் கைநழுவி வரப்பில் விழுந்து ஸ்டார்ட்டர் மூடி விரிசல். வாசல்படியில் அவன் வலதுகால் செருப்பு கழன்று கிடக்கிறது, அது தெரியாமலே உள்ளே வந்து நிற்கிறான். நான் போய் எடுத்து வந்து காலருகில் போட்டேன். குனிந்து பார்த்து, "இது எப்பக் கழண்டுச்சு?" என்றான்.

"ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"ஊர்ல ஒருத்தர்ட்ட நேத்துப் போனேன்ணே. வெயிலு, நரம்புத் தளர்ச்சின்னு ஊசி போட்டாரு."

"மருந்தடிக்கிறவன்னு சொன்னியா?"

"அவரு கேக்கலையே."

நாளைக்குக் கடையைப் பூட்டிவிட்டு நானே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன், காலை எட்டுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நில் என்றேன். தலையாட்டினான். மிஷின் இருக்கட்டும், ஸ்பிரிங் வரவேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றேன். பொய். மூடி மாற்றப் பத்து நிமிஷம்தான் ஆயிற்று. முடித்து, மூலையில் சாக்கைப் போட்டு மூடிவிட்டேன். மிஷின் இல்லாவிட்டால் தோட்டத்துக்குப் போகமாட்டான் அல்லவா.

மார்ச் 12, புதன்

கா. 8 முதல் 11 வரை பெரியாஸ்பத்திரி வாசல். வரவில்லை.

போனை அவன் சம்சாரம் முத்துப்பேச்சி எடுத்தாள். "தோட்டத்துக்குப் போயிருக்காகண்ணே. மிஷினு ஒங்ககிட்டக் கெடக்குல்ல, கைப்பம்ப எரவல் வாங்கிட்டுப் போயிருக்காக."

கைப்பம்பிலிருந்து மருந்து முதுகில் ஒழுகும். மிஷினாவது தேவலை. மிஷினை ஒளித்து வைத்து நான் செய்த உபகாரம் இது.

உடனே கூட்டி வரச் சொன்னேன். சாயங்காலம் வரட்டும் சொல்றேன் என்றாள். கடை திறக்க மனமில்லை.

மார்ச் 14, வெள்ளி

மேகமூட்டம், புழுக்கம். கா. 10.30. முத்துப்பேச்சி வந்தாள், கையில் சாப்பாட்டு ஒயர்கூடை. நேற்று மத்தியானம் செடிகளுக்கு நடுவே விழுந்துவிட்டானாம். பூப்பறிக்க வந்தவர்கள் தூக்கி வந்திருக்கிறார்கள். பெரியாஸ்பத்திரியில்தான் இருக்கிறான்.

"கண்ணு முழிச்சுப் பாக்குறாரு. கையி காலு அசையல. ரெண்டு நாள் பொறுத்துத்தான் சொல்ல முடியுமாம்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் உட்காரவில்லை.

"மிஷின எடுங்கண்ணே. அவரு ஒத்துக்கிட்ட அஞ்சு தோட்டம் நிக்குது. இன்னைக்கு அடிக்கலேன்னா வேற ஆளப் போட்டுருவாக."

"யாரு அடிக்கப் போறா?"

"நாந்தான்."

சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். அவன் கையைக் கெடுத்தது அந்த மருந்துதான், வெயில் இல்லை, நரம்புத் தளர்ச்சி இல்லை என்று.

"தெரியும்ணே. போன வருசமே தெரியும்."

"அவனுக்கு?"

"அவருக்குத் தெரியாமயா."

ஸ்பிரிங் இன்னும் வரவில்லை என்றேன். மூலையில் சாக்குக்கு வெளியே டேங்கின் நீலம் தெரிந்துகொண்டிருந்தது. அவளே போய்ச் சாக்கை விலக்கி மிஷினை நடுவில் கொண்டு வந்து வைத்தாள். நான் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம். சேலையைச் செருகிக்கொண்டு இழுத்தாள். முதல் இழுப்பிலேயே ஓடியது. சத்தத்தில் முகம் மாறவில்லை, கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் கேட்டுவிட்டு அணைத்தாள்.

"லேசாத்தானண்ணே இருக்கு."

அலமாரியிலிருந்து கையுறை இரண்டு ஜோடி எடுத்துக் கொடுத்தேன், உனக்கு ஒன்று, அவன் எழுந்து வந்தால் அவனுக்கு ஒன்று என்று. வாங்கிப் பார்த்தாள். ஒரு ஜோடியைக் கூடையில் போட்டுக்கொண்டு மற்றதை மேசைமேல் வைத்தாள்.

"அவருக்கு இனி எதுக்குண்ணே."