ஆவன செய்யப்படும்

அருவங்காடு
12.1.2001

அன்பு மகள் அனுராதாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். நாலைந்து நாளாகக் காலையில் புல்மேல் உறைபனி விழுகிறது, எனக்குச் சளி, அம்மாவுக்கு என்னால் தொந்தரவு, மற்றபடி குறையில்லை. நீயும் அங்கே கம்பளித் தொப்பி இல்லாமல் வெளியே போவதில்லை என்று நம்பி மேலே எழுதுகிறேன். தேயிலை விலை இப்படி விழுந்து கிடக்கும்போது படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்துவிடட்டுமா என்று நீ கேட்ட கடிதம் தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது. இதோ பொங்கல், இன்னும் நான் பதில் எழுதவில்லை. நீ போனில் கேட்டபோதெல்லாம் ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அந்த மாதங்களில் நான் குளித்த அளவுக்கு என் வாழ்நாளில் குளித்ததில்லை. இன்று பதில் சொல்லிவிடுகிறேன், ஆனால் எதையும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும், பொறுத்துக்கொள்.

கோயம்புத்தூர் மாநாட்டுக்கு வந்த உன் பேராசிரியர் ஹென்ஸ்லி, நீ சொல்லி அனுப்பியபடி நம் வீட்டுக்கு வந்தார். அம்மா செய்த சந்தகையை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதோடு விட்டிருக்கலாம். சிறு விவசாயிகள் சங்கச் செயலாளர், டீக்கடைக் காளிமுத்து, வாசலில் வந்து நின்றார். "ஏனுங்கய்யா, அமெரிக்காவுல அரசியல் பாடம் நடத்துற பெரிய வாத்தியாருங்கறீங்க, சும்மா அனுப்பிர முடியுங்களா? ஒரு கூட்டம் போட்டுரலாமுங்க. நீங்கதான் அவரப் பத்திச் சொல்லோணும்." முடியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு எப்போது இருந்தது? அவருடைய வாழ்க்கைக் குறிப்பை நீதான் முன்பே அனுப்பியிருந்தாயே, அதை உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். பிறந்த ஊரில் தொடங்கி, பட்டங்கள், வேலை பார்த்த கல்லூரிகள், எழுதிய புத்தகங்கள், உறுப்பினராக இருந்த குழுக்கள், அந்தக் குழுக்களின் துணைக் குழுக்கள் என்று ஒன்றையும் விடவில்லை. மனிதர் நாற்பது வருடம் ஒரே விஷயத்தைத்தான் ஆராய்ந்திருக்கிறார், விளைபொருளின் விலை விழுந்தால் விவசாயி யாருக்கு ஓட்டுப் போடுகிறான் என்று. அதை முதலில் சொல்லியிருந்தால் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். நான் கால வரிசைப்படிதான் போவேன் என்று அதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். துணைக் குழுக்களுக்கு வரும்போதே பின்வரிசையில் பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள். "அவரு எந்தக் கட்சிங்க?" என்று ஒருவர் கேட்டார். எந்தக் கட்சியும் இல்லை, கட்சிகளைப் படிக்கிறவர் என்றேன். "அப்ப ஆளுங்கட்சியாத்தான் இருக்கும்" என்றார் இன்னொருவர்.

பிறகு பொன்னாடை. பொன்னாடைக்குப் பிறகு, நம் ஊர் வழக்கப்படி, மனு. மேடையேறிய யாரையும் மனு இல்லாமல் நாம் இறக்கிவிட்டதில்லையே. பசுந்தேயிலைக்குக் கிடைப்பது பறிகூலிக்கே போதவில்லை, ஆவன செய்ய வேண்டும் என்று ஆளுக்கொரு தாளை அவர் கையில் திணித்தார்கள். அவர் திகைத்துப்போய் ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார். தன்னால் எந்த உறுதியும் தர முடியாது, தான் வெறும் ஆசிரியர் என்றார். அதன் பிறகு தன் அப்பாவைப் பற்றிக் கொஞ்ச நேரம் சொன்னார், சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் தமிழில் சொல்வேன் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து நின்றேன். முப்பத்தைந்து வருடம் வெடிமருந்து பாக்டரி ஆபீசில் மனு என்று எது வந்தாலும் நான் எழுதிய ஒரே வாக்கியம்தான் வாயில் வந்தது. "ஆவன செய்யப்படும் என்கிறார்" என்றேன். பலத்த கைதட்டல். ஒன்றும் புரியாத அவரும் கூடச் சேர்ந்து தட்டினார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "ஏனுங்க, அந்த மனுசனோட சாதகத்தையே வாசிச்சுப்போட்டு, அவரு சொன்னத மட்டும் முழுங்கிட்டு வந்துட்டீங்களா?" என்றாள். அன்றிலிருந்து நான் கடைவீதிக்குச் சுற்றுவழியில்தான் போனேன். அங்கேயும் என்னைப் பிடித்துக் கேட்டார்கள், பதில் வந்துருச்சுங்களா என்று. பரிசீலனையில் இருக்கிறது என்றேன். பொய்யில்கூட எனக்கு ஆபீஸ் நடைதான் வருகிறது.

முந்தாநாள் தாங்கவில்லை. காளிமுத்து கடைக்கே போய், பேராசிரியர் அப்படி எதுவும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். சண்டைக்கு வருவார்கள் என்று குடையைக்கூடக் கையில் பிடித்திருந்தேன். சிரித்தார்கள். "ஆவன செய்யப்படும்னு சொன்னீங்க பாருங்க, அப்பவே ஒண்ணும் நடக்காதுன்னு தெரிஞ்சுபோச்சுங்க. நீங்க முழிக்கற அழகப் பாக்கத்தான் தினமும் கேட்டோம்" என்றார் காளிமுத்து. நம் தோட்டத்தில் இலை பறிக்க வரும் வீரம்மா மட்டும் சிரிக்கவில்லை. சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்தவள், உனக்குத்தான் தெரியுமே. "அது கெடக்கட்டும் ஐயா. தொரை கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரே, அப்ப என்ன சொன்னாரு? அதச் சொல்லவே இல்லியே நீங்க" என்றாள்.

சொன்னேன். அவர் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது மக்காச்சோளம் விலை விழுந்து நிலம் ஏலத்துக்கு வந்ததாம். படிப்பை விட்டுவிட்டுப் பெட்டியோடு வீட்டுக்கு வந்து நின்றிருக்கிறார். அவருடைய அப்பா சோறு போட்டு, மறுநாள் காலை பால் கறப்பதற்கு முன்பே அவரைப் பஸ் ஏற்றிவிட்டாராம். "நீ வந்தால் விலை ஏறிவிடுமா? காத்திருக்க நான் ஒருவன் போதும்" என்றாராம். நிலம் போய்விட்டது. அப்பா ஒரு தானியக் கிடங்கில் மூட்டை எண்ணும் வேலைக்குப் போனாராம். மகன் பேராசிரியரானார்.  அதைக் கேட்டுவிட்டு வீரம்மா, "இத வுட்டுப்புட்டு அவரு என்னென்ன கமிட்டியில இருந்தாருன்னு எதுக்கையா எங்களுக்குச் சொன்னீக?" என்றாள். நியாயமான கேள்வி.

அதைச் சொல்லாமல் எதற்கு விட்டேன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். அவர் அதைச் சொன்னபோது உன் கடிதம் என் கோட்டுப் பையில் இருந்தது. நீ வந்தால் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. தோட்டத்தில் களை எடுக்க ஆள் இல்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி, சாயங்காலமானால் வீடு ரொம்பப் பெரிதாக இருக்கிறது. அதனால்தான் வராதே என்று எழுதக் கை வரவில்லை, வா என்று எழுத வெட்கமாக இருந்தது. பேராசிரியரின் அப்பாவுக்கு ஒரு காலையில் முடிந்தது எனக்கு மூன்று மாதம் பிடித்திருக்கிறது. பென்ஷன் வருகிறது, பட்டினி இல்லை. விலை ஏறுகிறபோது ஏறட்டும், காத்திருக்க நானும் அம்மாவும் போதும். வராதே அம்மா. படிப்பை முடித்துவிட்டு வா. இது ஆவன செய்யப்படும் என்கிற மாதிரியான பதில் இல்லை.

நீ எடுத்த காரியம் நல்லபடி முடிய உன் அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். பேராசிரியரிடம் நான் செய்த மொழிபெயர்ப்பைப் பற்றிப் பக்குவமாகச் சொல்லிவிடு. மனுக்களை அவர் நம் வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார் என்பதையும் சொல்லு, பொன்னாடையை ஞாபகமாக எடுத்துக்கொண்டார். அடுத்த முறை போன் செய்யும்போது என்னைக் கூப்பிடு, குளிக்கப் போகமாட்டேன்.

உன் அப்பா,
குப்புசாமி