ஐந்தாவது பெயர்

ஸ்டென்வாக், வடக்கு டகோட்டா
ஜூலை 6

அன்புள்ள ஓர்வில்,

மகள் வீட்டில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அரிசோனா வெயில் உன் வழுக்கையை விட்டுவைத்திருக்கிறதா? இங்கே மழை பிந்திவிட்டது. ரேடியோவில் தினமும் "நாளை மழை வரலாம்" என்று சொல்கிறேனா, கடையில் பார்க்கிறவர்கள் எல்லாம் நான்தான் மழையைப் பிடித்து வைத்திருப்பதுபோல் முறைக்கிறார்கள்.

நேற்று கமிட்டித் தலைவர் கர்டிஸ் வந்தான். மாவட்டத் திருவிழாவின் முதல் நாள் மேடையில் உன் இடத்தில் அவன் மச்சினனை நிறுத்தலாமாம். "ஓர்வில் வர்ற மாதிரி தெரியல. இன்னும் எத்தன நாள் காத்திருப்பீங்க?" என்றான். "ஒன் மச்சினன் கையில மைக்கக் குடுத்தா, பரிசு வாங்குன மாடு வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்தப்புறமும் பேசிக்கிட்டிருப்பான்" என்றேன். சிரித்தான். ஆனாலும் வெள்ளிக்கிழமைக்குள் முடிவு வேண்டுமாம்.

நீ போனதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். மூட்டுவலி, தனிமை, மகளின் வற்புறுத்தல். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? உண்மை நம் இருவருக்கும்தான் தெரியும்.

ரேடியோவில் நம் காலை நிகழ்ச்சியில் வானிலையும் பிறந்தநாளும் எனக்கு, எட்டேகால் மணி மரண அறிவிப்பு உனக்கு. முதல் வருடம் என் பள்ளித் தோழியின் பெயரைப் படிக்க முடியாமல் நான் விம்மியபோது, தாளை என் கையிலிருந்து வாங்கி நீயே படித்தாய். அதன்பின் இருபத்திரண்டு வருடம் அது உன் வேலை. ஒருநாளும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டதில்லை.

ஒரே ஒருநாள் கேட்டாய். டெலோரஸ் இறந்த மூன்றாம் நாள் காலை, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்தாய். நேரம் வந்ததும் தாளை என் பக்கம் தள்ளினாய். உன் மனைவியின் பெயரைப் பார்த்தேன். தாளை உன் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டேன். பயம், ஓர்வில். வேறொன்றும் இல்லை. "டெலோரஸ் மேரி ஃபாஸ், வயது அறுபத்தெட்டு. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு லூத்தரன் தேவாலயத்தில் ஆராதனை. பிறகு கீழறையில் காபி" என்று நீயே படித்தாய். குரல் தடுமாறவில்லை. அடுத்து நான் வடக்குக் காற்றைப் பற்றிப் பேசினேன்.

அடக்கத்துக்கு ஒரு பெரிய பாத்திரம் நிறைய உருளைக்கிழங்கும் இறைச்சியும் சமைத்துக்கொண்டு வந்து, அந்தப் பாத்திரத்துக்குப் பின்னாலேயே ஒளிந்து நின்றேன். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அடுத்த மாதம் நீ கிளம்பிவிட்டாய்.

இப்போது அறிவிப்பை நான்தான் படிக்கிறேன். முதல் வாரம் மேனேஜர், "அழுவுறதுன்னா ஒரு பாட்டப் போட்டுட்டு அழு, ஆர்லிஸ்" என்றார். இரண்டு தடவை போட்டேன். பிறகு பழகிவிட்டது. பழகக்கூடிய வேலையைத்தான் உன் தலையில் கட்டியிருந்தேன் என்பது வெட்கமாக இருக்கிறது.

திருவிழா மேடையில் தேசிய கீதத்துக்கு முன், அந்த வருடம் இறந்தவர்களின் பெயர்களை எப்போதும் நீ படிப்பாய். இந்த வருடம் இருபத்திமூன்று பெயர்கள். அகரவரிசையில் டெலோரஸ் ஐந்தாவது. அதை நான் படிக்கிறேன், ஓர்வில். பழம் வைத்துச் சுடும் பலகாரப் போட்டி, டிராக்டர் ஊர்வலம், என் அசட்டு ஜோக்குகள் எல்லாவற்றையும் நீ எடுத்துக்கொள். பேச மனமில்லை என்றால் பக்கத்தில் சும்மா நில். அவள் பெயரை நான் சொல்லும்போது நீ அங்கே இருக்க வேண்டும்.

என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றாலும் அது நியாயம்தான். அப்படியானால் ஒரே ஒரு வரி எழுது. டெலோரஸ் மேரி என்று முழுப் பெயரைச் சொல்லவா, நீ வீட்டில் கூப்பிட்டதுபோல டோடி என்று சொல்லவா? எதைக் கேட்டால் அவள் திரும்பிப் பார்த்திருப்பாள் என்று உனக்குத்தான் தெரியும்.

கடவுள் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

ஆர்லிஸ்