எரியாத மாத்திரை

குடகனாற்றுத் தண்ணீர் தாடிக்கொம்புத் தரைப்பாலத்துக்கு மேலே ஓடிய வருஷம்தான் நீங்கள் போனீர்கள், பாய். அன்று நடந்தது என்னவென்று எனக்கு முந்தாநாள்தான் விளங்கியது.

இப்போது எனக்கும் நெஞ்சுவலி. உங்களுடைய அதே மாத்திரை, அதே பழுப்புக் கண்ணாடிக் குப்பி. மருந்துக்கடைப் பெண் கையில் தரும்போதே சொன்னாள்: "தாத்தா, இத வேற டப்பாவுல மாத்திராதீங்க. குப்பியிலயே இறுக்கி மூடி வைங்க. காத்தும் சூடும் பட்டா வேகம் போயிரும். அப்புறம் வெறும் மாவுதான்." கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் பையில் மூன்று குப்பிகள் இருக்கும். உங்களோடு தோல் வண்டியில் வரும் எனக்கோ எழுத்துத் தெரியாது. "எனக்குப் பேச்சு நின்னுபோச்சுன்னா நீதான்லே எடுத்து வாயில போடணும்" என்றீர்கள். தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்று நெஞ்சு மாத்திரைகளை மட்டும் என் தகர மூக்குப்பொடி டப்பாவுக்கு மாற்றினேன். "படிச்சவனுக்குக்கூட இம்புட்டு மூளை வராது அப்பு" என்று சிரித்தீர்கள். சித்திரை, வைகாசி முழுக்க அந்த டப்பா என் சட்டைப்பையில் வெந்தது.

ஐப்பசியில் எரியோட்டில் ஆட்டுத்தோல் ஏற்றித் திரும்பினோம். பாலத்தில் வெள்ளம், வண்டி நின்றது. உங்களுக்குக் குப்பென்று வியர்த்தது. ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தேன்.

"சுருக்குன்னு எரியுமே... எரியலையேப்பு."

"செத்த நேரம் பொறுங்க பாய்."

இன்னொன்று வைத்தேன். டிரைவர் செல்வம் வண்டியைத் திருப்பி வேறு பாதையில் விரட்டினான். மூன்றாவதை வைத்தபோது, "சாக்பீஸ் கணக்கா இருக்குலே. ஒன் பொடிய கிடிய போட்டுட்டியா?" என்றீர்கள். அதுதான் கடைசிப் பேச்சு. ஆஸ்பத்திரி வாசலை எட்டியபோது உங்கள் தலை என் தோளில் கனத்துக் கிடந்தது.

உங்களுக்காக வீட்டோடு இருந்த இத்தாக் காலம் முடிந்து உங்கள் சம்சாரம் ஜமீலா என்னிடம் சொன்னார்: "கடைசி வரைக்கும் அவுகளுக்கு மாத்திர குடுத்த கைண்ணே இது." வருஷந்தோறும் நோன்புக்கஞ்சி அந்தக் கையைத் தேடித்தான் வருகிறது. நானும் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

நல்ல மாத்திரையாக இருந்திருந்தால் பிழைத்திருப்பீர்களா? அந்தப் பெண்ணிடமே கேட்டேன். "அதெல்லாம் சொல்ல முடியாது தாத்தா" என்றாள். பிழைத்திருக்க மாட்டார் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். பேனாவை நிறுத்திவிட்டு, "அவங்ககிட்டச் சொல்லத்தான் போறீங்களாப்பா?" என்று கேட்கிறாள். செல்வமும் போய்ச் சேர்ந்துவிட்டான். நான் வாய் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் இனி அந்தக் கஞ்சி எனக்கு இறங்காது. வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போகிறேன். மகள் இதை வாசிப்பாள். கேட்டுவிட்டு என்னைத் திட்டவோ பொறுக்கவோ உரிமையுள்ளவர் இன்னும் ஒருவர்தான் உயிரோடு இருக்கிறார், பாய். அது உங்கள் ஜமீலாதான்.