இருவரும் ஊற்றிய எண்ணெய்

ஷாமளா,

காரைக் கிளப்பாதே. எஞ்சினில் எண்ணெய் ஒரு லிட்டர் அதிகமாக நிற்கிறது. அப்படியே ஓட்டினால் நுரைத்துப் புகை கக்கும், சீல் பிய்ந்து ஒழுகும், ஜொகூர் பாரு போவதற்குள் எஞ்சினே போய்விடும்.

பத்து மணிக்கு மெக்கானிக் ஹாரூன் வந்து வடிப்பார். சாவியை அவரிடம் கொடு. உன் இன்டர்வியூ இரண்டு மணிக்குத்தானே, போய்விடலாம்.

“நைட் ஷிப்ட் வேலைய விட்டுட்டு சும்மாதானே இருக்கீங்க, காருக்கு எண்ணெயாவது ஊத்துங்களேன்லா!” என்று திங்கட்கிழமை கத்தினாய். அன்றே ஊற்றினேன். நேற்று நீயும் ஒரு போத்தலைக் கவிழ்த்திருக்கிறாய். அளவுக்கம்பியை இழுத்துப் பார்க்க மாட்டாயா?

சோறு குக்கரில் இருக்கிறது.

பி.கு.: ஊற்றியதை நானும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நமக்குள் பேச்சுவார்த்தை இல்லையே. இனி புருஷன் பெண்டாட்டிக்குள் எவ்வளவு சண்டை என்றாலும் காரைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வோம்.

திரு