கார்புரேட்டரில் குளவிக் கூடு

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில். ஏழிலிருந்து ஒன்பது வரை கரண்ட் இல்லை.

நான் வேலை பார்க்கும் வில்லியனூர் லேபில் சொல்லிவிட்டார்கள். அடுத்த திங்கள் முதல் எனக்குக் காலை ஷிப்ட். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுப்பவர்கள் ஆறு மணிக்கே வந்து நிற்கிறார்களாம், பெயர் எழுத ஆள் வேண்டுமாம். அந்த நேரத்துக்கு உறுவையாற்றிலிருந்து வில்லியனூருக்கு பஸ் கிடையாது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. "சரி மேடம்." எப்போதும் இந்த இரண்டு வார்த்தைதான். பி.எஸ்ஸி. விலங்கியல், குடும்பத்தில் முதல் பட்டம்.

ஒரே வழி, அண்ணியின் ஸ்கூட்டர். இரண்டு வருடமாக மாட்டுக் கொட்டகையில், தார்ப்பாய்க்கு அடியில். அண்ணிக்கு முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில் கலைந்தபோது, அதை ஓட்டியதால்தான் என்றாள் அம்மா. அன்றைக்குப் போனது கொட்டகைக்கு. இப்போது அண்ணிக்கு மறுபடி பத்தாவது வாரம். அண்ணன் லாரியோடு ஆந்திராவில்.

அம்மாவிடம் கேட்டேன். வெகுநேரம் அரிசி புடைத்தாள். பிறகு, "நீ ஓட்டிக்கோ. அவள அதுகிட்ட வுடாத" என்றாள்.

ஜூன் 10, செவ்வாய்

மெக்கானிக் ஏழுமலை வந்தார். அவர் ஷெட்டில் எப்போதும் நாலு ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள், எனக்குப் போகக் கூச்சம். அம்மா போன் செய்து வரவழைத்தாள்.

கிக்கரை இருபது தடவை உதைத்தார். ஒன்றுமில்லை. சீட்டைத் தூக்கினார், மோந்து பார்த்தார். பெயிண்ட் கடை வாசனை. நின்றுபோன பெட்ரோல் பிசினாகிவிடும், கார்புரேட்டருக்குள் ஜெட் ஓட்டையை அடைத்துவிடும், கழற்றிக் கழுவினால் ஓடும் என்றார். அரை மணி நேர வேலை.

டார்ச் அடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். கார்புரேட்டருக்குக் காற்று போகும் ரப்பர் குழாய் மேல், பாதி கார்புரேட்டரையும் சேர்த்து மூடிக்கொண்டு, குளவிக் கூடு. மூன்று அறை. கூட்டை உடைக்காமல் குழாயைக் கழற்ற முடியாது.

குரலைத் தாழ்த்திக் கேட்டார். "வூட்ல யார்னா மாசமா கீறாங்களா?"

சமையல்கட்டு வாசலில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். அவர் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுவிட்டார். "நா கை வைக்க மாட்டம்மா. எனக்கும் ரெண்டு பொண்ணு கீது."

பிள்ளை உண்டான வீட்டில் குளவி கூடு கட்டினால் நல்லது. உடைத்தால் பிள்ளைக்கு ஆகாது. இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். அம்மா குனிந்து மண்ணின் நிறம் பார்த்தாள். செம்மண், அப்படியென்றால் பொண்ணு. எத்தனையோ நாள் கழித்துச் சிரித்தாள். அண்ணி கிட்டே வந்து பார்த்தாள், தொடவில்லை. யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஏழுமலை கிளம்பும்போது வாசல்வரை போய், எப்படிக் கழுவுவது என்று கேட்டேன். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

- அடியில் கிண்ணம், நாலு ஸ்க்ரூ
- ஜெட்: பித்தளை, மிளகு அளவு, நடுவில் ஓட்டை
- ஊசி விடக் கூடாது, ஓட்டை பெரிதாகிவிடும். பிரேக் கேபிளில் ஒற்றை இழை போதும்
- புது பெட்ரோலில் கழுவு, ஊது
- ஓடும்போது திக்கினால் ஆக்சிலேட்டரை முறுக்காதே, சோக்கை இழு

எதற்குக் கேட்டேன் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

ஜூன் 11, புதன்

அரை நாள் லீவு. புழுக்கம். மதியம் 2.30. அம்மா கரும்புக்குக் களை எடுக்கப் போயிருந்தாள். அண்ணி தூக்கம்.

செய்துவிட்டேன்.

முதலில் கூடு. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் இரண்டு தட்டு. இரண்டு அறை காலி. மூன்றாவதில் பச்சைச் சிலந்திகள், மயக்கத்தில். குளவி கொட்டி வைப்பது, குஞ்சுக்குத் தீனி. பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். நடுவில் புழு. வெள்ளையாக, அரிசி நீளம். அசைந்தது. இலையில் எடுத்துச் சுவரோரம் வைத்தேன். நாலு ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டுத் திரும்பினால், அதன் மேல் எறும்பு.

ஒரு ஸ்க்ரூ கை தவறி வைக்கோலில் விழுந்தது. கால் மணி நேரம் தேடினேன். கிண்ணத்தில் மஞ்சளாக அல்வா மாதிரி. ஜெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஓட்டையே தெரியவில்லை. கேபிள் இழை, பெட்ரோல், ஊதல். மறுபடி இழை. நாலாவது தடவை, குண்டூசி முனையளவு வானம் தெரிந்தது. அந்த ஒரு நிமிடம் எதுவும் நினைவில்லை. சந்தோஷமாக இருந்தேன். அதையும் எழுதிவைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். பதினோராவது உதையில் ஓடியது. உடனே அணைத்துவிட்டேன். அதற்குள் அண்ணி விழித்துவிட்டாள், உள்ளேயிருந்து, "ஓடுச்சா?"

ஓடியது என்றேன்.

"கூடு?"

உடையாமல் பெயர்த்துப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன். அண்ணியிடம் முதல் பொய். மண்ணைப் பெருக்கி அள்ளி எருக்குழியில் கொட்டினேன்.

குளவிக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு மாலையில் ஒரு தாளில் நாலு காரணம் எழுதினேன். நாலும் சரி. ஐந்தாவதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

ஆஸ்பத்திரி பெஞ்ச். மாலை 4.

காலை பத்து மணிக்கு அண்ணி பாத்ரூமிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். புடவையில் ரத்தம். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம், வருகிறோம் என்றார்கள். ஆட்டோக்காரர் கடலூர் சவாரியில். அம்மா தெருவுக்கும் வாசலுக்குமாக நடந்தாள்.

"அமுதா, வண்டிய எடு" என்றாள் அண்ணி.

அம்மா வழியை மறித்து நின்றாள். "அதுலயா? வேணாண்டி. அதுலயா?"

"ஓடறது அது ஒண்ணுதான அத்த."

ஒருக்களித்து உட்கார்ந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். இருபதுக்கு மேல் முள் ஏறவில்லை, நான் ஏற்றவில்லை. ஒவ்வொரு பள்ளமும் என் வயிற்றில் விழுந்தது. வாய்க்கால் பாலத்தருகே வண்டி திக்க ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் கரும்பு, ஆள் இல்லை. ஏதோ ஒரு மண் துகள், நான் கழுவாமல் விட்டது. உடைத்தது இங்கே வந்து நிறுத்துகிறது என்றுதான் தோன்றியது. எழுதிவைத்த நாலு காரணமும் ஞாபகத்துக்கு வரவில்லை. கை முறுக்கத் துடித்தது. முறுக்கவில்லை. சோக்கை இழுத்தேன். இரண்டு இருமல், பிறகு பிடித்துக்கொண்டது. இடுப்பில் அண்ணியின் பிடி இறுகியது, வில்லியனூர் வரை தளரவில்லை.

ஸ்கேன் அறைக் கதவு இன்னும் மூடியிருக்கிறது. வேண்டிக்கொள்ளலாம் என்றால், முதலில் செய்ததைச் சொல்ல வேண்டும்.

4.40. இதயத் துடிப்பு இருக்கிறது. பக்கத்தில் ரத்தக் கட்டு. இரண்டு வாரம் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. அடுத்த வியாழன் மறுபடி ஸ்கேன், அதுவரை எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அம்மா பஸ்ஸில் வந்து சேர்ந்தாள்.

ஜூன் 14, சனி

தூறல். கட்டிலின் கால்மாட்டுக்கு இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறோம். கஞ்சி நான்தான் ஊட்டுகிறேன். நேற்று முழுக்க அண்ணியின் முகத்தைப் பார்க்காமலே ஊட்டினேன்.

இன்று மூன்றாவது ஸ்பூனில், மேலே ஃபேனைப் பார்த்தபடி, "கூட்ட நீதான ஒடச்ச" என்றாள்.

ஸ்பூன் கிண்ணத்தில் தட்டிச் சத்தம் போட்டது.

"ஒரு நாளாவது தொடப்பத்த தொட்டிருக்கியாடி நீ? அன்னிக்கி வண்டியில ஏற வரேன், கொட்டாய் பளபளன்னு கீது."

அழுதேன். அழ விட்டாள். அப்புறம் சொன்னாள். "போன தடவையும் ஒண்ணு கட்டுச்சி. எங்க ரூம் ஜன்னல்ல. நா யாரையும் தொட வுடல. தெனம் எழுந்ததும் அதத்தான் பாப்பேன். கடைசி வரிக்கும் அது அப்படியேதான் இருந்துச்சி."

அப்படியென்றால் இந்தத் தடவை ஏன் தொடக் கூடாது என்றாள் என்று கேட்டேன்.

"பயந்தான். வேற இன்னா."

கஞ்சியை முழுக்கக் குடித்தாள். அத்தையிடம் சொல்லாதே என்றாள்.

ஜூன் 15, ஞாயிறு

வானம் மூடி இருக்கிறது, மழை இல்லை.

மேடத்துக்குப் போன் செய்தேன். செய்வதற்கு முன் கொட்டகையில் மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். வியாழக்கிழமை ஸ்கேன் வரை வர முடியாது, வீட்டில் இப்போது வண்டி ஓட்ட முடிந்தவள் நான் ஒருத்திதான். வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். பார்ப்பார். "சரி மேடம்" என்று சொல்லவில்லை. போனை வைத்துவிட்டேன்.

வாங்க: பெட்ரோல் 1 லி., சாத்துக்குடி, அண்ணியின் மாத்திரை.

நேற்றே ஏழுமலை வந்து ஜெட்டை மறுபடி கழுவிக் கொடுத்துவிட்டுப் போனார். கூடு இருந்த இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை ஸ்டார்ட் செய், நிற்க விட்டால் மறுபடி அடைக்கும் என்றார். அண்ணிக்கும் அந்தச் சத்தம் வேண்டியிருக்கிறது. காலையில் கேட்ட பிறகுதான் கண்ணை மூடினாள்.

மாலை 6. கிக்கரில் கால் வைத்தபோது குளவி வந்தது. வாயில் செம்மண் உருண்டை. சக்கரத்துப் பக்கம் நுழைந்து சீட்டுக்கு அடியில், அதே இடத்துக்கு. கால் அப்படியே நின்றுவிட்டது. கட்ட விட்டால், அண்ணிக்கு ஏதாவது ஒன்று என்றால் வண்டி ஓடாது. உதைத்தால் அது போய்விடும். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

உதைத்தேன். முதல் உதையிலேயே பிடித்தது. குளவி வெளியே வந்து என் கையைச் சுற்றியது, ஒரு தடவை, இன்னொரு தடவை. பம்ப் செட் பக்கம் போய்விட்டது. மண் உருண்டை வாயில் இருந்ததா என்று பார்க்கவில்லை. நாளைக்கும் வருமா தெரியாது. இஞ்சின் திக்காமல் ஓடியது. அணைக்கலாம் என்று சாவிக்குக் கை போனது.

உள்ளேயிருந்து அண்ணி. "அணைக்காத அமுதா. இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்."