உங்கள் சாட்சிக்கு இரண்டு ஆதாரம்

என் அன்பான அண்ணே,

நான்கு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. கைபேசியில் உங்கள் எண்ணைத் தேடிவிட்டு, அப்புறம்தான் நீங்கள் கர்த்தரிடம் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது என்பது நினைவுக்கு வருகிறது. இப்படியா அண்ணே ஒருத்தர் செய்துவிட்டுப் போவார்?

முதலில் சேதி. உங்கள் தங்கச்சி இப்போது இறையியல் மாணவி. பேக்டரி வேலையை விட்டுவிடவில்லை, பயப்படாதீர்கள். சனிக்கிழமைதோறும் கூலாய் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் வகுப்பு. ஐம்பத்தொரு வயதில் பென்சில் சீவுகிறேன். டீச்சர் என்னைவிட இருபது வயது சின்னவர்.

முதல் பாடமே ஆய்வுக் கட்டுரை. ஒரு தாளில் மூன்று கட்டம் போடச் சொன்னார்: என்ன சொல்லப்படுகிறது, யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும். நாங்கள் பதினொரு பேரும், ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமலே, மூன்றாம் கட்டத்தில் "கர்த்தர் உணர்த்தினார்" என்று எழுதிக் கொடுத்தோம். டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அலமாக்! கர்த்தர் உணர்த்தினா சந்தோஷம் லா, ஆன்ட்டி. ஆனா அதை இங்க போட முடியாது. நேர்ல பார்த்தவங்களைப் போய்க் கேளுங்க. ரெண்டு ஆதாரம் வேணும்."

சபையில் கேட்ட ஒரு சாட்சியை எடுத்து ஆராய வேண்டுமாம். பாஸ்டரான உங்களுடைய தங்கச்சிக்கு இது ஒரு வேலையா? உங்கள் சாட்சியையே எடுத்தேன். ஒன்பது வயதில் காய்ச்சலில் செத்துப்போனதாக உங்களைத் துணியில் சுற்றி வைத்தது, அம்மா ஜெபித்தது, நீங்கள் எழுந்து தண்ணீர் கேட்டது. "மனுஷன் கை படவே இல்லை" என்று நீங்கள் முடிக்கும்போது சபையே அழும். நான்தான் முதலில் அழுவேன். கட்டுரையை உங்கள் நினைவுநாள் புத்தகத்தில் போடுவதாக அண்ணியும் சொல்லிவிட்டார்.

அப்படித்தான் நாம் வளர்ந்த காஹாங்குக்குப் போனேன். நம் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டிய மணியம் அங்கிள் இன்னும் அங்கேதான் இருக்கிறார். நான் படித்துக் காட்டியதைக் கேட்டவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"யாரும்மா செத்தது? உன் அண்ணனா?"

"ஆமா அங்கிள். ஒம்பது வயசுல."

"அவனுக்கு என்ன, நல்லாத்தானே இருந்தான். துணியில சுத்தி வச்சது உன்னைத்தான்."

எட்டு மாதக் குழந்தையாம் நான். வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றி, மூச்சு நின்றுவிட்டதென்று நினைத்து, அப்பா குழி வெட்ட ஆள் கூப்பிடப் போய்விட்டாராம். அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாராம்.

"உன் கால் விரல் அசைஞ்சதை அவன்தான் பார்த்தான். சொன்னா யாரும் நம்பல. உன்னைத் தூக்கிட்டுச் செம்பனைக்குள்ள ஓடிவந்து, குலை ஏத்திட்டு வந்த என் லோரி முன்னால நின்னுட்டான். பிரேக் புடிக்கலேன்னா ரெண்டு பேரும் போயிருப்பீங்க. அதே லோரியில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டிரிப் ஏத்த நரம்பே கிடைக்கலைன்னு டாக்டர் கணுக்கால்ல வெட்டினாரு. தழும்பு இருக்கணுமே?"

இருக்கிறது அண்ணே. இடது காலில். செம்பனை முள் கிழித்தது என்றுதானே அம்மா சொன்னார்? நீங்களும் பக்கத்தில் நின்று தலையாட்டினீர்களே!

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு உங்கள் பிரசங்கத்தைக் கேட்க வந்தாராம் அங்கிள். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், "ஏண்டா பொய் சொல்றே?" என்று பிடித்துக்கொண்டாராம். நீங்கள் அவர் கையை அழுத்தி, "அங்கிள், அவ உள்ள உட்கார்ந்திருக்கா. பெத்தவங்களே செத்ததா நினைச்சுத் துணியில சுத்தி வச்சிட்டாங்கன்னு அவளுக்குத் தெரிய வேணாம்" என்றீர்களாம்.

பஸ்ஸில் திரும்பும்போது செருப்பைக் கழற்றி அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே வந்தேன். இத்தனை வருஷம் அது என் காலில்தானே இருந்தது? நான் ஏன் ஒரு தடவைகூட யாரையும் கேட்கவில்லை?

அண்ணியிடம் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "பாஸ்டரைப் பொய்யர் ஆக்கப் போறியா, எஸ்தர்? அந்தச் சாட்சியைக் கேட்டு எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தாங்க! புத்தகத்துல இது வேணாம்." அவர் சொல்வதும் சரிதானே? நீங்கள் சொன்னது பொய்தானே அண்ணே? அதை வேறு எந்தப் பெயரால் கூப்பிடுவது?

எனக்குக் கோபம். அம்மா அப்பாமேல்கூட அவ்வளவு இல்லை. பாவம், அவர்களுக்கு என்ன தெரியும். உங்கள்மேல்தான். உங்களைத் திருப்பிக் கொடுத்ததற்காகக் கர்த்தருக்கு வாழ்நாள் முழுக்க நன்றி சொன்னேன். என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதற்கு உங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல விடவில்லையே நீங்கள்.

வருகிற சனிக்கிழமை வகுப்பில் கட்டுரையை வாசிக்க வேண்டும். வாசிப்பேன். அண்ணியையும் கூப்பிட்டிருக்கிறேன், வருவாரா தெரியவில்லை. கட்டுரையிலிருந்து ஜெபத்தை நான் அழிக்கவில்லை. ஒன்பது வயதுப் பையன் லோரி முன்னால் என்ன ஜெபம் செய்துகொண்டு நின்றான் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றே எழுதியிருக்கிறேன். "மனுஷன் கை படவே இல்லை" என்ற வரியை மட்டும் அடித்துவிட்டேன். முதல் ஆதாரம், லோரி ஓட்டிய மணியம். இரண்டாவது, என் கணுக்கால். புத்தகத்தில் வந்தாலும் வராவிட்டாலும், இனிமேல் சபையில் எழுந்து நின்று இந்தச் சாட்சியை நான் சொல்வேன், உங்கள் பெயரைச் சொல்லி. இது சத்தியம் அண்ணே.

நீங்கள் தூக்கிக்கொண்டு ஓடிய தங்கச்சி,
எஸ்தர்