நாலாம் வகுப்பில் ஒரே ஒருத்தி

ஜூலை 21, திங்கள்

ஆடிக்காற்று. காயப்போட்ட துணியில் பாதி பக்கத்து வீட்டு முருங்கைமரத்தில். ரேஷன் பருப்பு இன்னும் வரவில்லை. யாழினிக்கு நகம் வெட்ட வேண்டும். கையைக் கொடுத்தால்தானே.

கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணல். யார் படிக்கப்போகிறார்கள், நான்தானே.

காலையில் யாழினியைப் பள்ளியில் விட்டபோது சுமதி அக்கா உப்புமா கிண்டிக்கொண்டே சொன்னது: "கலா, விஷயம் தெரியுமா? நம்ம ஸ்கூல மூடப்போறாங்களாம். ஹைவேஸுக்கு அந்தாண்ட இருக்குற பெரிய ஸ்கூலோட சேத்துடுவாங்களாம்."

சுமதி அக்காதான் எங்கள் ஊர்ப் பள்ளியில் காலைச் சாப்பாடு செய்பவள். ஆம்பூர் போகும் கம்பெனி பஸ் ஏழு மணிக்கே வந்துவிடும். என்னைப் போல ஷூ கம்பெனிக்குப் போகிற அம்மாக்கள் பிள்ளைகளை அவளிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் ஏறுகிறோம். டீச்சர் வருவதற்குள் எல்லாப் பிள்ளையும் சாப்பிட்டு, தலை வாரி, உட்கார்ந்திருக்கும். என் வீட்டுக்காரர் விடியுமுன்பே லோடு ஆட்டோவில் தோல் ஏற்றப் போய்விடுகிறார். அந்தப் பள்ளி இல்லையென்றால் நான் இந்தப் பஸ்ஸில் இல்லை. வேலையும் இல்லை.

மொத்தமே ஒன்பது பிள்ளைகள்தான். நாலாம் வகுப்பில் யாழினி மட்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்தே அப்படி. எப்போதும் முதல் ரேங்க், எப்போதும் கடைசி ரேங்க் என்று அவள் அப்பா கிண்டல் செய்வார்.

நான் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி வேறு. யாரும் வராததால் என் தலையில் கட்டியது. தலைவிக்கே தெரியாத சேதி உப்புமாச் சட்டிக்கு எப்படித் தெரிந்தது? எரிச்சல்.

ஜூலை 22, செவ்வாய்

மாலை. ஹைவேஸ் நிறுத்தத்தில் எஸ்தர் டீச்சர் எங்கள் பஸ்ஸில் ஏறினார்.

இதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். வேறு எந்த ஊரிலும் இப்படி உண்டா தெரியாது. நாங்கள் ஏழு மணிக்குப் போனால் இருட்டும் நேரத்தில்தான் வருகிறோம். பெற்றோர் கூட்டத்துக்கு லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க முடியாது. டீச்சர் பார்த்தார். நீங்கள் வராவிட்டால் நான் வருகிறேன் என்று, மாதத்துக்கு ஒரு தரம் கம்பெனி பஸ்ஸிலேயே கூட்டம். வெளியாளை ஏற்றக்கூடாது என்பது சட்டம். டிரைவர் அண்ணன் அந்த நேரம் பார்த்து கண்ணாடியைத் துடைப்பார். டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே ஒவ்வொரு சீட்டாக வந்து, உன் பையன் கழித்தலில் கடன் வாங்க மறக்கிறான், உன் பெண்ணுக்குக் கண் டெஸ்ட் பண்ணு, என்று சொல்லிக்கொண்டே வருவார். வேலூரிலிருந்து தினமும் வருகிற பொம்பளை. கூட இருந்த இன்னொரு டீச்சரை மாற்றி வருஷமாகிறது. ஒரு அறை, ஐந்து வகுப்பு, ஒரே ஆள். ஒரு நாள் கூட முகம் சுளித்துப் பார்த்ததில்லை.

இன்று கழித்தல் இல்லை. நேரே என் சீட்டுக்கு வந்தார்.

"கலா, நெஜம்தான். வெள்ளிக்கெழம வட்டாரக் கல்வி அலுவலர் மேடம் நேர்ல பாக்க வர்றாங்க. அப்புறம் உங்க குழு கூடி தீர்மானம் போடணும். சேக்கலாமா, வேணாமான்னு."

"நீங்க இன்னா சொல்றீங்க டீச்சர்?"

"நான் சொல்லக்கூடாது. மேல ஆபீஸு, கீழ நீங்க. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி." சிரித்தார். சிரிப்பு கண் வரைக்கும் வரவில்லை.

ஜூலை 23, புதன்

காற்று நின்றபாடில்லை. கண்ணெல்லாம் மண்.

சுமதி அக்காவின் மூளையே மூளை. அவள் சொன்னது அப்படியே:

"ஞாயித்துக்கெழம மாரியம்மனுக்குக் கூழு ஊத்தறோம். சொந்தக்காரங்க எப்டியும் புள்ளைங்கள கூட்டினு வரத்தான் போறாங்க. வியாழக்கெழமையே அனுப்பச் சொல்லு. வெள்ளிக்கெழம நம்ம ஸ்கூல்ல உக்கார வெச்சுடலாம். அந்தம்மா தலைய எண்ணினு போய்டும்."

"தப்பில்லையா அக்கா?"

"கூழுக்கு வர்றதுல இன்னா தப்பு?"

ஒத்துக்கொண்டேன். சும்மா சொல்லவில்லை, சந்தோஷமாகவே ஒத்துக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் குடியாத்தத்தில் இருக்கும் என் தங்கைக்குப் போன். "இன்னாக்கா அதிசயமா கீது, மூணு நாள் முன்னாடியே கூப்புடற" என்றாள். சஞ்சனாவை அனுப்புகிறேன் என்றாள். சஞ்சனாவும் நாலாம் வகுப்பு.

டீச்சரிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு. சொன்னால் நடக்காது.

ஜூலை 24, வியாழன்

ஊரே கல்யாண வீடு. சுமதி அக்கா வகையில் ஒரு ஆட்டோ நிறையப் பிள்ளைகள். வாணியம்பாடியிலிருந்து இரண்டு. எங்கள் பள்ளியை நிரப்ப நாலு ஊர்ப் பள்ளியில் இன்று ஆள் கம்மி. அங்கெல்லாம் திடீர்க் காய்ச்சலாம்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிரச்சினை இல்லை, எல்லாருக்கும் ஒரே யூனிஃபார்ம். பேர்ணாம்பட்டுப் பையன் ஒருவன் மட்டும் இங்கிலீஷ் மீடியம், டையோடு வந்து நிற்கிறான். கழற்றமாட்டானாம். சுமதி அக்கா அவனுக்கு முறுக்கு கொடுத்து, கெஞ்சி, கடைசியில் டையைச் சட்டைக்குள் விட்டு பட்டன் போட்டாள்.

யாழினியும் சஞ்சனாவும் பாயில் படுத்துக்கொண்டு பேசுகிறார்கள், பேசுகிறார்கள், நிறுத்தவே இல்லை.

ஜூலை 25, வெள்ளி

லீவு போட்டேன். மதியம், வீட்டில் எழுதுகிறேன்.

டீச்சர் வந்தார். அறை முழுக்கப் பிள்ளைகள். என்னைப் பார்த்தார்.

"யாரு கலா இவங்கல்லாம்?"

"கூழுக்கு வந்தவங்க டீச்சர்."

"கூழு ஞாயித்துக்கெழமதானே?"

திட்டுவார், விரட்டுவார் என்று நினைத்தேன். கைப்பையை மாட்டினார், சாக்பீஸை எடுத்தார். "சரி. வந்த புள்ளைங்கள வெளியில நிக்க வெக்க முடியாது. ஒண்ணாவதும் ரெண்டாவதும் ஜன்னல் பக்கம். மூணாவது இங்க. நாலாவது எத்தினி பேரு?"

நாலு பெண்கள் கை தூக்கினார்கள். யாழினி கையைத் தூக்கிவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மேடம் வந்ததும் டீச்சர் முதல் வார்த்தையே, "மேடம், ஒன்பது பேரு எங்க புள்ளைங்க. மத்தவங்க விருந்தாளிங்க." அவ்வளவுதான். என் பெயரையோ சுமதி அக்கா பெயரையோ எடுக்கவில்லை. என் பக்கத்தில் சுமதி அக்கா, "கெட்டுது போ" என்றாள்.

மேடம், சட்டைக்குள்ளிருந்து டை எட்டிப்பார்த்த பையனைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். சிரித்துவிட்டார். "புள்ளைங்கள எரவல் வாங்கின ஊர இப்பத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். "நடத்துங்க டீச்சர்."

நடத்தினார். நாலாம் வகுப்புக்குப் பின்னம். ஆளுக்கொரு தாள். "நாலுல ஒண்ணு பெருசா, எட்டுல ஒண்ணு பெருசா? நீங்களே பேசி முடிவு பண்ணுங்க." சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளைகள் பக்கம் போய்விட்டார்.

யாழினி: "எட்டுல ஒண்ணுதான் பெருசு. எட்டு பெருசில்ல?"

சஞ்சனா: "லூசு, ஒரு கேக்க எட்டு பேருக்குக் குடுத்தா ஜாஸ்தி வருமா, நாலு பேருக்குக் குடுத்தா ஜாஸ்தி வருமா?"

அப்புறம் ஒரே சண்டை. தாளை மடிக்கிறார்கள், பிடுங்குகிறார்கள், கிழிக்கிறார்கள். "இரு இரு, இன்னொரு தடவ மடி." தோற்றுப்போனாள் என் மகள். தோற்ற பிறகு சும்மா இருந்தாளா? "அப்ப பதினாறுல ஒண்ணு?" என்று அவளே புதுக் கேள்வி போட்டு, மூன்று பேரையும் திணறடித்து, பெஞ்சைத் தட்டிச் சிரித்தாள்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் பிள்ளைக்கு இவ்வளவு குரல் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வீட்டில் அமைதி, பள்ளியில் அமைதி. நல்ல பிள்ளை, தங்கமான பிள்ளை என்று எல்லாரும் சொல்லச் சொல்லப் பெருமைப்பட்டேன். பேச ஆளில்லாமல்தான் அமைதி என்று தோன்றவே இல்லையே எனக்கு.

சாப்பாட்டு மணி அடித்ததும் டீச்சர் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். "அஞ்சு கிளாஸ நான் ஒருத்தியா நடத்திடுவேன் கலா. அது பெரிய விஷயமில்ல. அவளுக்குத் தோஸ்தா என்னால ஆக முடியாதே."

அழுகை வந்துவிட்டது. டீச்சர் முன்னால் அழக்கூடாது என்று தண்ணீர்க் குடத்தைப் பார்க்கிற சாக்கில் போய்விட்டேன்.

மேடம் போகும்போது சொன்னது: பெரிய பள்ளியில் வகுப்புக்கு ஒரு டீச்சர், விளையாட இடம் உண்டு. ஆட்டோவும் கூடவே ஒரு துணை ஆளும் கேட்டு எழுதலாம். கிடைக்குமா என்று வாக்குக் கொடுக்க மாட்டாராம். நேர்மையான பதில். பிடித்திருந்தது, பயமாகவும் இருந்தது.

ஜூலை 26, சனி

வேலை. மனசு லைனில் இல்லை. ஷூவின் மேல்தோலில் தையல் இரண்டு தரம் விலகியது. சூப்பர்வைசர்: "கலா மேடம், இன்னிக்கு எங்க இருக்கீங்க?"

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஹைவேஸ தாண்டணும். லாரி போற வேகம் எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஆட்டோ வரவில்லையென்றால் நான்தான் கொண்டுபோய் விட வேண்டும். ஏழு மணி பஸ்ஸை மறந்துவிட வேண்டியதுதான். எட்டு வருஷமாக நான் கட்டிக்காத்த வேலை இது. பிளஸ் டூ முடித்தவளை மாடு மேய்க்க விடாமல் காப்பாற்றிய வேலை.

ஜூலை 27, ஞாயிறு

கூழ் ஊற்றியாகிவிட்டது. முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. வெயில் இல்லை, நல்லவேளை.

சாயங்காலம் பிள்ளைகள் எல்லாம் கிளம்பின. சஞ்சனா போகும்போது யாழினி அழவில்லை. "அடுத்த ஆடிக்குத்தான் வருவியா?" என்று மட்டும் கேட்டாள். அவள் அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஜூலை 28, திங்கள்

மாவு அரைக்க வேண்டும். மிக்ஸி மூடி உடைசல்.

யாழினி ஒரு தாளை மடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். "அம்மா, மூணுல ஒண்ணவிட நாலுல ஒண்ணு சின்னது. நீ இல்லன்னு சொல்லு."

"சரியாத்தானடி சொல்ற. நான் எதுக்கு இல்லன்னு சொல்லணும்?"

"சொல்லும்மா. நீ இல்லன்னு சொன்னாத்தான் நான் சண்ட போட முடியும்."

இல்லை என்றேன். சண்டை போட்டாள். எனக்குச் சரியாகச் சண்டை போடத் தெரியவில்லை, சீக்கிரம் விட்டுக்கொடுத்துவிட்டேன். தாளை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்காரர் சனிக்கிழமையிலிருந்து என்னோடு பேசவில்லை.

ஜூலை 30, புதன்

குழுக் கூட்டம், பள்ளியில், பஸ் வந்த பிறகு. எங்களுக்காக டீச்சர் சாயங்காலம் வரை காத்திருந்தார். எல்லாருக்கும் டீ போட்டு வைத்திருந்தாள் சுமதி அக்கா. அவளும் குழுவில் ஒருத்தி. என் டம்ளரை மட்டும் என் கையில் கொடுக்காமல் பெஞ்சில் வைத்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

எழுந்து நின்றேன்.

"சேக்கலாம். ஆனா மொதல்ல ஆட்டோ வரணும். ஆட்டோவுல துணைக்குப் போறது சுமதி அக்காவா இருக்கணும். காலையில ஏழு மணிக்கு இந்தப் பள்ளிக்கூடம் தொறந்து, புள்ளைங்க இங்கியே சாப்புட்டு, இங்கிருந்தே கெளம்பணும். இதெல்லாம் எழுத்துல வந்தாத்தான் புள்ளைங்க போகும். வராதவரைக்கும் ஒருத்தரும் போக மாட்டாங்க. நான் முன்மொழியறேன்."

வழிமொழிய ஒரு ஆள் வேண்டும். டீச்சர் பேனாவை வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாரும் அவர் பக்கம் போயிருப்பார்கள். சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவர் மேல் வந்த மரியாதையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

"எழுதிக்கோங்க டீச்சர், சுமதி வழிமொழியறான்னு." கதவோரத்தில் இருந்து குரல். "என் பையனும் ரெண்டாவதுல தனியாத்தான் உக்காந்துனு இருக்கான்." என்னைப் பார்த்து, "ஆட்டோ வரல, உன்ன சும்மா விடமாட்டேன்" என்றாள். விடமாட்டாள், நிச்சயம்.

மற்றவர்களும் கை தூக்கினார்கள். டீச்சர் தீர்மானத்தை மணிமணியான கையெழுத்தில் எழுதி, நான் கேட்ட ஒவ்வொன்றையும் விடாமல் சேர்த்து, படித்துக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து யாழினியிடம் சொன்னேன். பெரிய பள்ளிக்கூடம், உன் வகுப்பில் நிறையப் பேர், தினமும் சண்டை போடலாம். குதிப்பாள் என்று பார்த்தேன்.

"டீச்சரும் வருவாங்களா?"

"தெரியலடி. எங்க ஆள் இல்லியோ அங்க போடுவாங்க."

நகத்தைக் கடித்தாள்.

"அப்ப அவங்க மட்டும் தனியாவா போவாங்க?"

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. வடிக்கப் போனேன்.